ஒண்ணும் பண்ணாது

எதிர்வீட்டு நாய் என்னைக் கடிக்கவில்லை. சங்கடமே அதுதான். கடித்திருந்தால் காயம் சாட்சி, ஊசி சாட்சி. பேசுவதற்கு ஒரு முதல் வாக்கியமாவது கிடைத்திருக்கும். நடக்காத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் சொல்வது?

வெள்ளை ராஜபாளையம். இளஞ்சிவப்பு மூக்கு. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த ஜாதி. ஒருவரை எஜமானாக வரித்துக்கொண்டு மற்ற அத்தனை பேரையும் சந்தேகிக்கும் என்பார்கள். (இலக்கிய வட்டத்தில் புழங்கியவர்களுக்கு இது புதிய குணமல்ல.) நான் கடந்து போகையில் அது குரைப்பதில்லை. வாய் மூடி, உடம்பு விறைத்து, பார்க்கிறது. கேட்டின் கொண்டி சரியாக விழுவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான்கு மாதம் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனேன். வீட்டில் அதற்கு நடைப்பயிற்சி என்று பெயர். பிறகு ஒரு காலை அது வெளியே வந்து பேப்பர் பையனைச் சுவரோடு நிறுத்தியது. கடிக்கவில்லை. அன்று மாலை போனேன்.

"பேப்பர் போடற பையன் பயப்படறான் சார்."

என் பயத்தைப் பதினாறு வயதுப் பையனின் தோளில் ஏற்றிவிட்டதைச் சொல்லி முடித்த பிறகே உணர்ந்தேன். அவர் சிரித்தார். "அது ஒண்ணும் பண்ணாது சார்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நாற்காலிக் காலடியில் தூங்குகிற நாய் அவரை ஒன்றும் பண்ணாதுதான். ஓர் உறவின் உண்மையை அவர் நாயின் சுபாவமாகச் சொல்கிறார். நானும் என் வயிற்றில் நிகழ்வதை 'ஆபத்தான நாய்' என்கிறேன். நாயைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஆனாலும் இரண்டு வாக்கியங்களும் சமமல்ல. என்னுடையது பிசகினால் ஒரு கொண்டியின் விலை. அவருடையது பிசகினால் பையனின் கெண்டைக்கால். அன்று இது என் வாயில் வரவில்லை.

சட்டம் கடிக்காகக் காத்திருப்பதில்லை. 1860இன் தண்டனைச் சட்டத்தில் 289ஆகவும், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 291ஆகவும் இருக்கும் பிரிவு, வளர்ப்பவர் அஜாக்கிரதையாக இருந்து, உயிராபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றாலே போதும் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எண்ணை மனப்பாடம் செய்துகொண்டுதான் போயிருந்தேன். அதை உச்சரித்த கணத்தில் அவர் எதிர்வீட்டுக்காரர் அல்ல, எதிர்த்தரப்பு. விழுங்கிவிட்டேன். பண்பா, கோழைத்தனமா என்று இப்போதும் பிரித்தறிய முடியவில்லை.

மகாபாரதத்து நாய் என்றால் தருமனோடு கடைசி வரை நடந்ததைத்தான் சொல்வார்கள். ஆதிபர்வத்தின் தொடக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. ஜனமேஜயனின் வேள்விக்கு வந்த குட்டியை அவன் தம்பிகள் அடித்து விரட்டுகிறார்கள். தாய் சரமை நேரே வந்து கேட்கிறாள்: அவிசைப் பார்க்கவில்லை, நக்கவில்லை, ஏன் அடித்தீர்கள்? பதிலில்லை. எதிர்பாராத பயம் உன்னை வந்தடையும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய் மேலும் மூர்க்கமாகும் என்பது தெரிந்தே, "கட்டிப் போடுங்கள்" என்று கேட்க வந்த நான் அந்தத் தம்பிகளில் ஒருவன். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை கேட்பவன்.

"கட்டிப் போடச் சொல்றீங்களா?"

"வேண்டாம் சார். கொண்டியை மட்டும் மாத்திடுங்க."

அவர் சற்று நேரம் கேட்டையே பார்த்தார். "அவ போனப்புறம் ராத்திரியில சின்னச் சத்தம் கேட்டாலும் தூக்கிவாரிப் போடும். அதுக்காகத்தான் இதை வாங்கினேன்." பிறகு, "உங்களுக்கும் பயமா சார்?" என்றார்.

"பையனுக்குத்தான்" என்றேன்.

அடுத்த வாரம் புதுக் கொண்டி வந்தது. நன்றாக விழுகிறது. நான் இன்னும் அடுத்த தெரு வழியாகத்தான் போகிறேன்.