வீட்டுக்கல்வியும் உடன் கற்போரும்

பிள்ளையைப் பொதுப்பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டிலேயே வைத்துக் கற்பிப்பதா என்னும் கேள்வி, கட்டணம், பாடத்திட்டம், மதிப்பெண் ஆகியவற்றைப் பற்றிய கணக்காகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அக்கணக்கு முடிந்த பின்னும் எஞ்சி நிற்பது, பிள்ளை யாருக்கு உரியது, அதன் உயிர் எதைச் சார்ந்து வளர வேண்டும் என்னும் சமயக் கேள்வியாகும். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கூறினாலும், சேர்க்காதவருக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. வீட்டில் கற்ற பிள்ளை பன்னிரண்டரை வயது நிறைந்தபின் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதவும் தமிழ்நாட்டில் வழி உண்டு. ஆகவே முடிவெடுக்கும் பொறுப்பு நடைமுறையில் பெற்றோரின் மனச்சான்றிடமே வந்து சேர்கிறது.

வீட்டுக்கல்விக்கு ஆதரவான பழைய சான்று ஒன்று கொங்கு நாட்டிலேயே கிடைக்கிறது. பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் சமண முனிவர் பவணந்தி, நன்னூற் பாயிரத்தில் எவரெவருக்கு நூல் கற்பிக்கலாம் என்று வரிசைப்படுத்தும்போது, ஆசிரியன் தன் மகனையே முதலில் வைக்கிறார். அவ்வாசிரியனுக்குக் கற்பித்த ஆசானின் மகன், அரசன் மகன், பொருள் மிகக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதை விரைந்து கொள்பவன் ஆகியோர் அதன் பின்னரே வருகின்றனர். (மகள் அவ்வரிசையில் எங்கும் இல்லை என்பதை இன்றைய வாசகர் கவனிக்காமல் கடந்துவிட முடியாது.) ஆனால் அதே பாயிரம், ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்கே கைவரும் என்றும், இன்னொரு கால் பங்கு உடன் கற்போரோடு பழகுவதால் வரும் என்றும், எஞ்சிய அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதால் நிறையும் என்றும் கணக்கிடுகிறது. தாயும் தந்தையும் எவ்வளவு தேர்ந்த ஆசிரியராயினும் அவர்களால் நிரப்பக்கூடியது அந்த முதற்காலே. மற்ற முக்காலுக்கும் பிறர் தேவை. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும், தந்தை மகனுக்குச் செய்யும் நன்றியை அளக்க வீட்டு முற்றத்தைக் கொள்ளாமல் அவையையே அளவுகோலாகக் கொள்கிறது.

பள்ளிக்கு வெளியே கற்று உயர்ந்தவருக்கு எடுத்துக்காட்டாக, உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் பூளவாடியில் 1899இல் பிறந்த உடுமலை நாராயணகவி நினைக்கப்படுவது இயல்பே. அவர் பெற்ற பள்ளிக்கல்வி மிகக் குறைவு. எனினும் அவர் கற்ற இடம் வீடன்று. முத்துசாமிக் கவிராயரிடமும், பல ஊர்களிலிருந்தும் வந்து கூடியோர் நிறைந்த நாடக மேடையிலும் அவர் பயின்றார். நன்னூல் சொன்ன முக்கால் பங்கு அவருக்கு அங்கே தாராளமாகவே கிடைத்தது.

வீட்டையே பள்ளியாக்கும் எண்ணத்தை அரசே நடைமுறைப்படுத்த முயன்ற காலமும் உண்டு. 1953இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு நடத்தி, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளிக் கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில் இரு மடங்கு பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்பதும், கைத்தொழிலில் கல்வி உண்டு என்பதும் திட்டத்தை ஆதரித்தோர் சொன்ன நியாயங்கள். இவற்றைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை தறியிலும், சலவைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை படித்துறையிலும், நூலகமுள்ள வீட்டுப் பிள்ளை நூலகத்திலும் அந்த மீதி நேரத்தைக் கழிக்கும் என்பதைக் கண்ட பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்து எதிர்த்தனர். இராஜாஜி பதவி விலகினார். அவரது அமைச்சரவையில் இருந்தவரும், உடுமலைக்கு அண்டையிலுள்ள பொள்ளாச்சி வட்டத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவருமான சி. சுப்பிரமணியமே, காமராசர் அமைச்சரவையின் கல்வி அமைச்சராக 1954 மே மாதத்தில் அத்திட்டத்தைக் கைவிட்டார். புத்தகமும் ஓய்வும் உள்ள வீட்டில் உரிமையாக அமைவது, அவை இல்லாத வீட்டில் விதியாகிவிடும் என்பது இந்நிகழ்ச்சியிலிருந்து தெரிகிறது. இன்று தன் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள எண்ணுபவர், தன் விருப்பத்தைப் பொதுநெறியாக்கினால் அடுத்த தெருப் பிள்ளைக்கு என்ன நேரும் என்று கேட்டுப் பார்ப்பது அறவுணர்வின் குறைந்தபட்சத் தேவையாகும்.

சமயத்தின் பெயரால் வீட்டுக்கல்வியை நாடுவோரின் வாதம் இதைவிட ஆழமானது: பள்ளியில் பிள்ளை தகாதவரோடு கலந்து, தன் நெறியை மறந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். சைவ சித்தாந்தத்தில் இவ்வச்சத்துக்கு இடம் இருப்பதாகவே தோன்றும். உயிர் தான் எதைச் சார்கிறதோ அதன் இயல்பையே தன் இயல்பாகக் கொள்ளும் என்பது அந்நெறியின் அடிப்படைக் கொள்கை. இதைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர். மெய்கண்டாரின் சிவஞானபோதம் எட்டாம் நூற்பாவில், வேடர்களிடையே வளர்ந்து தன் பிறப்பை மறந்த அரசகுமாரனோடு உயிரை ஒப்பிடுகிறது. ஆனால் அங்கே வேடர் என்று சொல்லப்படுவோர் அயலாரோ வேற்றுச் சாதியாரோ வேற்றுச் சமயத்தாரோ அல்லர், அவர்கள் ஐம்புலன்கள். பிள்ளையை எந்த அறைக்குள் வைத்துக் கதவடைத்தாலும் அவ்வேடர் உள்ளேயே இருப்பர். அன்றியும், உயிர் தொடக்கமற்றது, பெற்றோர் தருவது உடம்பை மட்டுமே என்று கொள்ளும் சித்தாந்தி, பிள்ளையைத் தன் உடைமையாகப் பேசுவதற்கு அவர் நெறியிலேயே ஆதாரம் இல்லை. மெய்கண்டாரின் குடும்ப குருவாக இருந்த அருணந்தி சிவாச்சாரியாரே, சிறுவராக இருந்த மெய்கண்டாருக்கு மாணவரானார் என்று மரபு கூறுவதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டுக்கல்வியின் வலிமையான வாதம் பக்குவம் என்னும் கருத்தில்தான் இருக்கிறது. ஒவ்வோர் உயிரும் தனக்குரிய காலத்திலேயே கனியும் என்பதும், அதற்கேற்பவே சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் படிகள் அமைந்தன என்பதும் சித்தாந்தம் சொல்வது. வயதை மட்டுமே அளவாக வைத்து நாற்பது பிள்ளைகளை ஒரே பக்கத்தில் நிறுத்தும் வகுப்பறை இதற்கு நேர்மாறானது. மதிப்பெண்ணுக்காகவே விடுதியில் அடைத்துப் பயிற்றும் பள்ளிகள் கொங்கு மண்டலத்தில் பெருகியதை நோக்கினால், வீட்டுக்கல்வியை நாடுவோரின் சினத்தில் நியாயம் இருப்பதை மறுக்க இயலாது.

பிள்ளையின் விருப்பம் என்ன என்பது இவ்விவாதங்களில் கடைசியாகவே கேட்கப்படுகிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் தம் பிள்ளைகளை அனுப்ப மறுத்த அமிஷ் கிறித்தவப் பெற்றோரின் சமய உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் ஏற்றபோது, நீதிபதி டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டு, அப்பிள்ளைகளின் கருத்தையும் கேட்டறிய வேண்டும் என்று எழுதினார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் அப்படிக் கேட்கலாம். ஆறு வயதுப் பிள்ளையிடம் கேட்டு அறிவதற்கு அதிகம் இல்லை. எனவே பின்னாளில் அப்பிள்ளையே திருத்திக்கொள்ள இடம் தரும் முடிவே ஏற்றது. இந்த நோக்கில் இரு வழிகளும் சமமல்ல. காலையில் பொதுப்பள்ளிக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்குத் திருமுறையோ திருக்குர்ஆனோ விவிலியமோ கற்பிக்க வீட்டுக்கு மாலையும் விடுமுறையும் இருக்கின்றன; வீட்டிலேயே வளரும் பிள்ளைக்கு, தன்னைப் போலில்லாத உடன் கற்போரை எந்த மாலையும் கொண்டுவந்து தருவதில்லை. பிள்ளையை முழுவதும் எடுத்துக்கொள்ளும் உறைவிடப் பள்ளிக்கும் எதிர்ப்புறத்திலிருந்து இதே குறை உண்டு. சாதிப் பெயரால் இழிவுபடுத்தியோ, அடித்தோ, உடற்குறைக்காக ஒதுக்கியோ பிள்ளையை ஒரு பள்ளி நசுக்குமானால், அங்கிருந்து பிள்ளையை மீட்டு வீட்டில் வைத்துக்கொள்ளும் பெற்றோர் எந்த நெறியையும் மீறியவராகார். அப்போதும் அவர்கள் தேட வேண்டிய முதற்பொருள் பாடநூலன்று, பிள்ளையோடு சேர்ந்து கற்க இன்னும் சில பிள்ளைகள்.