கைகள் யாருடையவை?

பிரிட்டனின் பல மருத்துவமனைகள், பின்னல் தெரிந்தவர்களிடம் ஒரு பொருளைக் கேட்டு வாங்குகின்றன. மறதி நோய் கண்டவர்களின் மடியில் போடும் கம்பளி விரிப்பு அது. குரோஷா ஊசியால் பின்னிய பரப்பின் மேல் பொத்தான், ரிப்பன், ஜிப், மணிச்சரம், குஞ்சம் என்று தடவவும் இழுக்கவும் உருட்டவும் ஏதேதோ தைத்திருப்பார்கள். இந்த நோயில் பலருடைய கைகள் ஓய்வதேயில்லை. போர்வையைப் பிய்க்கும்; உடையின் விளிம்பை முறுக்கும்; ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கும். அப்படிப்பட்ட கைகளைக் கட்டிப்போடுவதும், மருந்து கொடுத்துத் தூங்கவைப்பதும் இன்றைக்கும் நடக்கிறது. அவற்றோடு ஒப்பிட்டால் விரிப்பு எவ்வளவோ மேல். ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது: இந்த அமைதி யாருக்காக? அலைகிற கை எதையோ தேடுகிறது. அந்தத் தேடலுக்கு நாம் பதில் தருகிறோமா, வாயடைக்கிறோமா?

பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாம் கிட்வுட், 1997இல் வெளியான தன் நூலில், ஒருவர் மனிதராக இருப்பதை அவருடைய ஞாபகசக்தியை வைத்து அளக்கக் கூடாது என்று வாதிட்டார். சுற்றியிருப்பவர்கள் அவருக்குத் தரும் மதிப்பிலும் உறவிலும்தான் அது நிற்கிறது என்றார். இதை ஏற்றுக்கொண்டால் எல்லாருக்கும் ஒரே மாதிரி விரிப்பு போதாது. இன்னாருக்கு என்று பின்ன வேண்டும். நேற்று நடந்தது மறந்த பிறகும், கை பழகிய வேலைகள் நெடுநாள் தங்குகின்றன. அதனால் தச்சராக இருந்தவருக்குத் திருகாணியும் மரத்துண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வாழ்நாளெல்லாம் வீட்டில் உழைத்த பெண்ணுக்கு? நம் கை தானாகவே அடுக்களைப் பக்கம் போகிறது. எல்லாம் மறந்த பிறகும் அவள் காய் நறுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா? அதற்காக அந்த வேலையைத் தூக்கியெறிந்துவிடவும் முடியாது. அதில் அவளுடைய தேர்ச்சியும் பெருமிதமும் இருக்கின்றன. அவளுக்கு எது பிடித்தது என்பதை யார் முடிவு செய்வது என்பதே சிக்கல்.

என் அத்தைக்கு வயது 78. அவருக்காக மதினி ஒரு விரிப்பு பின்னினார். கூறைப்புடவையின் ஜரிகைக் கரை, சாவிக்கொத்து, உள்ளே மணி வைத்து மொச்சைக்காய் போலப் பின்னிய சிறு உறைகள், பேரப்பிள்ளைகளின் படம் அச்சிட்ட துணி. மீந்த மூலையில் ஒரு சுருக்குப்பை. அத்தை எல்லாவற்றையும் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு கை சுருக்குப்பையிலேயே நின்றுவிட்டது. அவிழ்ப்பார், இரண்டு விரலை விட்டுத் துழாவுவார், இறுக்குவார். ஒருநாள் கேட்டார்: “காச எங்க?”

மாமாவின் கணக்கில் வராத சிறுவாட்டுக் காசு அது. மனைவி, தாய், பாட்டி என்று நாங்கள் அடுக்கிய அடையாளங்களைத் தாண்டி, தனக்கென்று வைத்திருந்த ஒன்றே ஒன்றைத்தான் அந்தக் கை தேடியிருக்கிறது.

காசை அப்படியே போட்டால் வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. மதினி இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை உள்துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டார். தொட்டால் தெரியும், குலுக்கினால் ஒலிக்கும், எடுக்க வராது. நாலு நாள் நன்றாகப் போயிற்று. ஐந்தாம் நாள் அத்தை நகத்தால் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

பாதுகாப்பு என்ற பெயரில் நாம் செய்யும் சின்ன ஏமாற்றுகளை அந்த நகம் கண்டுபிடித்துவிடுகிறது. இருக்கிறது ஆனால் உனக்கில்லை என்பதைப் பெண்கள் ஆயுள் முழுக்கக் கேட்டாயிற்று. மதினி தையலைப் பிரித்தார். இப்போது தினமும் மாலையில் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து காசை அத்தையின் கையில் கொடுக்கிறார். அத்தை எண்ணுகிறார், போடுகிறார், இறுக்குகிறார். அவர் கண்ணயர்ந்த பிறகு மதினி காசை எடுத்து வைக்கிறார். இது முழு நேர்மை ஆகாதுதான். ஆனால் எண்ணும் நேரத்தில் காசு அத்தையுடையது.

அப்படியானால் விரிப்பு தனியாக எதையும் செய்வதில்லை. அருகில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? டிமென்ஷியா கண்டவர்களைப் பராமரிக்கும் நேரத்தில் 70 சதவிகிதம் பெண்கள் தருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பின்னுகிற கையும் பெரும்பாலும் பெண்ணுடையதே. ஆந்திரத்தின் நர்சாப்பூரில் குரோஷா சரிகை பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்குப் போன அந்த உழைப்பை, இல்லத்தரசிகளின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று சொல்லியே கூலியைக் குறைத்தார்கள் என்று அதில் காட்டினார். அன்பு என்ற சொல்லும் அதே வேலையைச் செய்யக்கூடும். விரிப்பை ‘அன்பின் வெளிப்பாடு’ என்று பாராட்டும்போது, அதற்குப் போன இரவுகள் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன.

அத்தையின் கை அத்தையுடையது என்று ஒப்புக்கொண்டால், மதினியின் கை மதினியுடையது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நூலுக்குப் பணம் அனுப்பும் மகன்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். பணம் வரட்டும். கூடவே அந்த மாலை அரை மணி நேரத்துக்கு அவர்களும் முறை போட்டு வந்து உட்காரட்டும். காசை எண்ணிக் கொடுக்கக் குரோஷா தெரிந்திருக்கத் தேவையில்லை.