உபசாரமா, உபத்திரவமா?

நம்மவர்களின் வலீமா விருந்துகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

"மாமா, இன்னும் ஒரு கரண்டி வைக்கிறேன்."

"வேண்டாம் மருமகனே, எனக்குச் சர்க்கரை இருக்கிறது."

"ஒரு நாள்தானே மாமா! ராத்திரி மாத்திரையை ஒன்று கூடப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்."

மாமாவின் கை தட்டை மறைக்கிறது. விரல்களின் இடுக்கில் கரண்டி நுழைகிறது. நெய்ச்சோறு விழுந்துவிடுகிறது. சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள், மாமாவும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டு முடிக்கிறார். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரு மனிதரை அன்பின் பெயரால் தோற்கடித்துவிட்டோம். இதில் குற்றம் உண்டா? உண்டென்றால் அது உண்டவருடையதா, வைத்தவருடையதா?

சாதாரணமான கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர்கூட இல்லாத விருந்துப் பந்தியை இனி நாம் காண்பது அரிது.

இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கத்தான் செய்கிறது. உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைந்துவிடுகிறது. உண்ணும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் தேங்குகிறது. ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து உண்டு. "நான் இனிப்பைத் தொடுவதே இல்லை" என்று பெருமை பேசுகிறவர், மூன்று கப் சோற்றில் அந்த இனிப்பைத்தான் வேறு உருவத்தில் உட்கொள்கிறார். இதனால் அன்றிரவே ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. கண், சிறுநீரகம், கால் நரம்பு, இதயம் என்று ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சேதம் சேருகிறது. சோறு வைத்த கை அதைக் காண்பதில்லை. நாம் துணிந்து வற்புறுத்துவதற்குக் காரணமே இதுதான்.

மாத்திரையை ஒன்று கூடப் போட்டுக்கொள்ளச் சொல்வது இதைவிட ஆபத்து. சிலவகை மாத்திரைகள் இன்சுலினை அதிகம் சுரக்கவைப்பவை. அளவு மீறினால், உண்டது செரித்த பின் சர்க்கரை 70-க்கும் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பவும் கூடும். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவர். பந்தியில் பரிமாறுகிறவர் அல்ல.

"ஹலாலான உணவுதானே, அதிலும் பேரீத்தம்பழம் சுன்னத்தானது, தேன் ஷிஃபா உள்ளது, இவையா கெடுதல் செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சிறிய பேரீத்தம்பழம் ஒன்றில் சுமார் 5 கிராமும், பெரிய மெஜ்தூல் பழத்தில் சுமார் 16 கிராமும் சர்க்கரை இருக்கிறது. கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை எதுவும் இதற்கு விலக்கல்ல. பரக்கத் உள்ள பொருளைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று தயங்குகிறவர்கள், அபூதாவூத், திர்மிதி முதலிய ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியைக் கவனிக்க வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களுடன் உம்முல் முன்திர் (ரலி) என்னும் அன்சாரிப் பெண்மணியின் வீட்டுக்குச் சென்றார்கள். அலீ (ரலி) அவர்கள் அப்போதுதான் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பேரீத்தங் குலைகள் தொங்கின. நாயகம் (ஸல்) அவர்கள் அதிலிருந்து உண்டார்கள். அலீ (ரலி) அவர்களும் உண்ணத் தொடங்கியபோது, நோயிலிருந்து தேறும் நிலையில் இருப்பதைச் சொல்லி அவர்களைத் தடுத்துவிட்டார்கள். அலீ (ரலி) அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மையார் ஒருவகைக் கீரையும் வாற்கோதுமையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். இதைச் சாப்பிடுங்கள், உங்களுக்கு இதுதான் ஏற்றது என்ற கருத்தில் அலீ (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள்.

அலீ (ரலி) அவர்களின் நோய் நீரிழிவு என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் விலக்கப்பட்ட பொருள் எது? அதே பேரீத்தம்பழம்! விலக்கியவர்கள் யார்? அதை விரும்பி உண்ட நாயகம் (ஸல்) அவர்களே! ஒரே குலையில் உள்ள ஒரே ஹலாலான கனி ஒருவருக்கு ஆகுமானதாகவும், பக்கத்தில் இருப்பவருக்கு வேண்டாததாகவும் இருந்தது. குலை அங்கேயே தொங்கியது. ஒருவருக்காக எல்லாரும் பட்டினி கிடக்கவும் இல்லை. அந்த அம்மையாரும், வந்த விருந்தாளியை என் வீட்டுப் பழத்தை உண்ணவிடவில்லையே என்று முகம் சுளிக்கவில்லை. எழுந்து சென்று வேறொன்று சமைத்தார்கள். விருந்தோம்பல் என்றால் அதுவன்றோ!

நம் பந்தியில் அந்த வேறொன்று எங்கே? காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் இரண்டு மூன்று பேர் ஒரே ஸஹனில் அமர்ந்து உண்பது அழகான வழக்கம். ஆனால் அதில் எவர் எவ்வளவு உண்டார் என்பது அவருக்கே தெரியாமல் போகும். கறியும் காய்கறியும் தனியாகக் கொஞ்சம் கூட்டி, சோற்றை அவர் கேட்கும் அளவுக்கு வைத்தால் ஸஹனின் பரக்கத் குறைந்துவிடாது.

"அவர் என்ன குழந்தையா? அவருடைய வாய், அவருடைய பொறுப்பு" என்று சிலர் சொல்வார்கள். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆனின் தீர்ப்புத்தான்; மறுப்பதற்கில்லை. ஆயினும் மறுத்தவரை வற்புறுத்திய செயல் அவருடைய சுமையா, நம்முடைய சுமையா? பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடன் இருந்தவர்களைக் கேட்டார். உமக்குச் சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்களின் கோபம், குளித்தவர்மீது அல்ல, சலுகை இல்லை என்று சொன்னவர்கள்மீது பாய்ந்தது. அபூதாவூதில் உள்ள செய்தி இது. ரமலானில், மருத்துவர் தடுத்தும், "நோன்பை விடலாமா?" என்று வியாதிக்காரரின் மனத்தைக் குத்துகிற உறவினர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். நோயாளி வேறு நாளில் நோற்கவும், இயலவே இயலாதவர் பித்யா கொடுக்கவும் மார்க்கம் வழி வைத்திருக்கிறது. நோன்பிருக்க அனுமதி பெற்றவரும் பகலில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

வியாதிக்காரரையும் நாம் முழுதாக விட்டுவிட முடியாது. வியாதியை மறைப்பவர், "அல்லாஹ் விட்ட வழி" என்று வட்டலாப்பத்தில் கை வைப்பவர், இவர்களுடையது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்விடம் ஒப்படைக்கச் சொன்னார்கள்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பந்தியில் அமராதவர்; வீட்டு உம்மா. வாப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே அந்த வீட்டில் கோதுமை வருகிறது, கீரை வருகிறது, சோற்றுக்கு அளவு வருகிறது. உம்மாவுக்குச் சர்க்கரை என்றால் சமையலில் என்ன மாறுகிறது? எல்லாருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டு, மூன்று மணிக்குச் சட்டியில் ஒட்டியிருக்கும் சோற்றையும், பேரப்பிள்ளை மிச்சம் வைத்த பரோட்டாவையும், வீணாகிவிடுமே என்று அவரே தின்று தீர்க்கிறார். உம்மாவைக் கடைசியாக டாக்டரிடம் அழைத்துச் சென்றது எப்போது என்று கேட்டால் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிவதில்லை. உம்முல் முன்திர் (ரலி) அவர்கள் விருந்தாளிக்காக எழுந்து அடுப்படிக்குப் போனார்கள். உம்மாவுக்காக நம் வீட்டில் எழுந்து போவது யார்?