நம்பிக்கை என்னும் புண்ணியம்

விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று திருச்சபை தேவசம்பந்தமான புண்ணியங்களாக எண்ணிவரும் மூன்றனுள், விசுவாசத்தைப் பற்றிப் பேசாத ஞாயிற்றுக்கிழமை நம் கோயில்களில் இல்லை. அன்பைப் பற்றிப் பேசாத கலியாணப் பிரசங்கமும் இல்லை. நடுவில் நிற்கும் நம்பிக்கையோ மற்ற இரண்டுக்கும் துணையாக வந்துபோகும் ஒரு சொல்லாகவே பெரும்பாலும் இருந்துவிடுகிறது. அதைத் தனியே எடுத்து, அது எத்தன்மையது, எதைப் பற்றி நிற்பது, எதனால் கெடுவது என்று விசாரிக்கும் வழக்கம் நம்மிடையே அருகிவிட்டது. ஒரே ஆயுட்காலத்துள் வீட்டையும் வளவையும் விட்டுப் பலமுறை ஓடித் திரும்பியவர்களும், திரும்பியபின் பிள்ளைகளைக் காணாதவர்களும் நிறைந்த இந்த யாழ்ப்பாணத்தில் அவ்விசாரணையை இனியும் தள்ளிப்போடுதல் தகாதென்று எனக்குத் தோன்றுகிறது.

புதுவருடத்துக்கு முந்திய இரவில் நம் கோயில்கள் நிறைந்து வழிகின்றன. நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், பல சபைகளில், சிறிய அட்டையொன்றில் வேதவசனத்தை அச்சிட்டு, அவ்வருடத்துக்குரிய வாக்குத்தத்தம் என்று ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். வாங்கிய கையோடு அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து வாசிப்பவர்களின் முகத்தைப் பார்த்தால், மகனுடைய விசா, மகளுடைய உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு, வழக்கிலே கிடக்கும் காணி, விட்டகலாத வியாதி ஆகிய யாவும் அந்த ஒற்றை வசனத்தினுள்ளே தேடப்படுவது தெரியும். இதை நான் இழிவாகச் சொல்லவில்லை. அன்றாட அப்பத்தைக் கேட்கும்படி கற்பித்தவர் ஆண்டவரே. அடுப்பங்கரையின் கவலைகள் ஆலயத்துக்குள் வரலாகாதென்று விலக்கும் சமயம் மனுஷருக்குரிய சமயமன்று. ஆயினும், கேட்டது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் கிறிஸ்தவ நம்பிக்கையும் ஒன்றல்ல. அக்குவினாஸ் தோமையார், நம்பிக்கையின் பொருளாவது நன்மையாயும், இனி வருவதாயும், அடைதற்கு அரியதாயும், ஆனாலும் அடையக்கூடியதாயும் இருத்தல் வேண்டுமென வகுத்து, அதற்கு விரோதமான பாவங்கள் இரண்டென்கிறார்: ஒன்று அவநம்பிக்கை, மற்றது மட்டுமிஞ்சிய நம்பிக்கை. அருமையை மட்டும் கண்டு இனி ஆகாதென்று கைவிடுபவன் முதலாவதில் விழுகிறான். அருமையைக் காணாமல், கடவுள் எப்படியும் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுபவன் இரண்டாவதில் விழுகிறான். நம் பிரசங்கபீடங்கள் முதலாவதைக் கண்டிப்பதில் குறைவைத்ததில்லை. இரண்டாவதையோ, அது பக்தியின் உடையை உடுத்து வருவதனால், பல வேளைகளில் வாழ்த்தி வரவேற்றுவிடுகின்றன.

இந்நாட்டுச் சரித்திரத்தில் நம்பிக்கை என்ற இப்புண்ணியம் துலக்கமாய்த் தெரியும் இடம் ஒன்று உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியபோது கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். குரு ஒருவருக்கு இடங்கொடுப்பவனுக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் வசமாயின. அச்சபையின் தோம்பிலே ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டாலன்றி முதுசமும் உத்தியோகமும் கிடைப்பது அரிதாயிற்று. அதன்பின் 29 ஆண்டுகள், பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, சாகுந்தறுவாயில் அவஸ்தைபூசுதல் இல்லை. 1658இல் பிறந்த பிள்ளை, ஒரு குருவையேனும் கண்ணாலே காணாமல் வளர்ந்து, கலியாணஞ்செய்து, தன் பிள்ளைகளுக்குச் செபஞ் சொல்லிக்கொடுக்கும் வயதை அடைந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் செபமாலை சொன்னவர்களும், திருநாட்களின் வரிசையை நெஞ்சிலே வைத்துக் காத்தவர்களும், பேர்தெரியாத சாமானிய சனங்களே. அவர்களுட் பலர் பகலில் ஒல்லாந்தரின் கோயிலுக்குப் போய்த் தம் பெயரைப் பதிவித்தும் வந்தார்கள். அதற்காக அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகுட்டிக்காரருடைய பலவீனத்தினுள்ளும் அந்தப் புண்ணியம் வாசஞ்செய்ததென்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் முனிவர், கொங்கணப் பிராமண குலத்தில் பிறந்தவர், கூலியாளின் வேஷத்தில், யோவான் என்ற ஊழியனுடன் இங்கே வந்து சேர்ந்தார். வந்தவுடன் கடும் வயிற்றோட்டம் அவரைப் படுக்கையிலே வீழ்த்தியது. எழுந்து நடக்கத் தக்க பெலன் வந்ததும், எந்த வீடு தம்மவர் வீடென்று அறியும் வழியின்றி, அவர் ஓர் உபாயஞ் செய்தார்: செபமாலையைக் கழுத்திலே வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வாசல்வாசலாகப் பிச்சை கேட்டார். பிடி அரிசியைப் போடவரும் கை போட்டுவிட்டுத் திரும்புகிறதா, அந்த மணிகளைக் கண்டு ஒரு கணம் தயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். காட்டிக்கொடுக்கவும் கூடும், கண்ணீர் விடவும் கூடும் என்ற அந்த ஒரு கணத்திலே இரு திறத்தாருடைய உயிரும் தொங்கிற்று. கொஞ்சங் கொஞ்சமாய்ச் சிலர் அவரை இனங்கண்டனர். பின்பு சில்லாலைக் கிராமம் அவரை ஒளித்துவைத்துக் காத்தது.

இதில் நாம் கவனிக்கத்தக்கது யாதெனில், அந்தச் சனங்கள் யோசேவாஸ் முனிவரை எதிர்பார்த்து இருந்தவர்கள் அல்லர் என்பதே. கோவாவிலிருந்து ஒருவர் புறப்பட்டார் என்ற செய்தி அவர்களுக்கு எட்டவில்லை. இன்ன வருடம் விடுதலையாகும் என்று எவரும் சொல்லவுமில்லை. காரியம் கைகூடும் என்பதற்கு வெளியிலே ஓர் அடையாளமும் இல்லாதிருக்க, இரவுக்கிரவு செபத்தைச் சொல்லி வைத்தார்களே, அதுதான் நம்பிக்கை. கண்ணுக்குத் தோன்றுவதை எவன் நம்பவேண்டும் என்ற கருத்துப்படப் பவுல் அப்போஸ்தலர் உரோமருக்கு எழுதியதன் பொருள் எனக்குச் சில்லாலையின் வழியாகவே விளங்குகிறது. அம்முனிவரோ 1711இல் கண்டியில் மரித்தார். கத்தோலிக்கருக்கு மார்க்க சுயாதீனம் ஆங்கில ஆட்சியில், 1806இலேதான், வந்தது. கொழும்பு காலிமுகத்திடலில் 2015ஆம் ஆண்டு தை மாதம் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தபோது, அவரைப் பற்றி மிகுதியும் பேசினோம்; அவருக்கு முந்திய அந்த 29 ஆண்டுகளைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினோம். ஒல்லாந்தருடைய தோம்புகளிலே கிறிஸ்தவரென்று பதியப்பட்ட பெருந்தொகையினர், அந்த ஆட்சி நீங்கியபின் சொற்பகாலத்துக்குள் கலைந்துபோயினர் என்பதையும் இங்கே நினைக்கவேண்டும்.

அமெரிக்க மிஷனாரின் கதை வேறு விதமானது. 1816இல் அவர்கள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பெற்றுக்கொண்டவை கூரையிழந்த பழங்கோயில்கள். முதல்வந்த கூட்டத்தில் எட்வேட் வாறன் 1818இலும், ஜேம்ஸ் றிச்சட்ஸ் 1822இலும் மாண்டனர். 1823இல் டானியல் பூவர் தொடங்கி நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரி, செலவுக்கும் பிரயாசத்துக்கும் ஏற்ற தொகையில் கிறிஸ்தவரை உண்டாக்கவில்லை என்ற எண்ணத்தால் 1855இல் மூடப்பட்டது; பூவரும் அவ்வருடமே மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். பலனைக் கணக்கிட்டவர்களுக்கு அது தோல்வி. ஆனால் அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சைவராய் வாழ்ந்து, வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்து தமிழுக்கு உயிர்கொடுத்தவர்களுள் ஒருவரானார். விதைத்தவர் நினைத்த பயிர் இதுவன்று. கடவுளிடத்தில் நம்பிக்கை வைப்பவர், பலன் எந்த உருவில் வரவேண்டும் என்பதைத் தாமே குறித்துக்கொடுக்க முடியாதென்பதற்கு இதைவிடத் தெளிவான திருட்டாந்தம் நம் நாட்டில் எனக்குத் தெரியவில்லை.

உலகத் திருச்சபைகளின் மன்றம் 1954இல், அமெரிக்க நாட்டு எவன்ஸ்ரனில், உலகத்தின் நம்பிக்கை கிறிஸ்துவே என்பதைப் பொருளாகக் கொண்டு கூடியது. நம்பிக்கையென்பது ஆண்டவருடைய இரண்டாம் வருகையையே பற்றியதென்று ஐரோப்பிய வேதசாஸ்திரிகள் வற்புறுத்த, இவ்வுலகில் இப்போது செய்யவேண்டிய நீதியையும் பற்றியதென்று அமெரிக்கர் வாதித்தனர். அந்நாளில் அம்மன்றத்தின் சுவிசேஷ ஊழியப் பகுதிக்குச் செயலாளராயிருந்தவர் நம் யாழ்ப்பாணத்து டி. ரி. நைல்ஸ். 1968இல் அம்மன்றத்தின் உப்சலா மகாநாட்டின் தொடக்கப் பிரசங்கத்தைச் செய்ய அழைக்கப்பட்டிருந்த மார்ட்டின் லூதர் கிங் சித்திரை மாதத்தில் சுட்டுக்கொல்லப்பட, அந்த இடத்தில் நின்று பேசியவரும் அவரே. கொலையுண்டவனுடைய இடத்தில் நின்றுகொண்டு கடவுள் சகலத்தையும் புதிதாக்குகிறார் என்று பிரசங்கிப்பதற்கு, எவன்ஸ்ரனின் இரண்டு கட்சிகளும் ஒருங்கே வேண்டியிருந்திருக்கும்: மறுமை இல்லையென்றால் இறந்தவனுக்கு என்ன சொல்வது? இம்மையில் நீதி இல்லையென்றால் இருப்பவனுக்கு என்ன சொல்வது?

இக்கேள்விகள் நமக்குப் புத்தகத்திலிருந்து வந்தவையல்ல. 1995 ஆடி 9ஆந் திகதி, ஷெல்லடிக்குப் பயந்து நவாலி சென் பீற்றர்ஸ் கோயிலில் அடைக்கலம் புகுந்தவர்கள்மேல் விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தேவனை அண்டினவனுக்கு ஒரு தீங்கும் வராது என்று இலேசாகச் சொல்லும் பிரசங்கியார் அந்த வளவுக்குள் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும். மட்டுமிஞ்சிய நம்பிக்கை அங்கே நா எழாமல் நிற்கும். அவ்வருடம் ஐப்பசி முடிவில் வலிகாமம் முழுவதும் மழையிலே நனைந்துகொண்டு தென்மராட்சிக்குப் போன இரவையும் கண்டவர்கள் நாம்.

எனக்குத் தெரிந்த ஒரு பங்கில், பூசைக் கருத்துக்களை எழுதும் கொப்பியில் இரண்டு பக்கங்கள் உண்டு: ஒன்று மரித்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மற்றது இருப்பவர்களின் சுகத்துக்காக. இறுதிப்போரில் மகனைத் தொலைத்த தாயொருத்தி, வயது எழுபதைத் தாண்டியவர், காசைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து, முதலில் புருஷனுடைய பெயரையும் பின்பு மகனுடைய பெயரையும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த பெடியன் புதியவன். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதப்போய், என்னவோ நினைத்து நிறுத்தி, "மகன்ரை எதில எழுதுறது, அம்மம்மா?" என்றான். "சுகத்துக்கெண்டு எழுது, ராசா," என்றார் அவர். கார்த்திகை 2ஆந் திகதி சேமக்காலையில், புருஷனுடைய கல்லறையைக் கழுவிப் பூவைத்து மெழுகுதிரி கொளுத்துகிற அதே கை, மகனுக்கென்று ஒரு திரியும் கொளுத்துவதில்லை. கொளுத்தினால் அவன் செத்தானென்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சுகிறார்.

இது நம்பிக்கையா, மனம் தன்னைத் தானே ஏமாற்றுவதா? பல நாள் இதை யோசித்து, எனக்குக் கிட்டிய முடிவைச் சொல்லுகிறேன். மகன் நாளைக்குப் படலையைத் திறந்துகொண்டு வருவான் என்பது தாயின் ஆசை. அதை நிறைவேற்றுவதாகக் கடவுள் எங்கும் வாக்குக் கொடுத்ததில்லை. கொடுத்ததாக எந்தக் குருவானவரும் சொல்லலாகாது. ஆனால் அந்த ஆசைக்குக் கீழே, இன்னும் ஆழத்தில், வேறொன்று இருக்கிறது: பதில் சொல்லப்படாத ஒரு மனுஷப் பெயரை, பதில் வருமுன் மரித்தோர் பக்கத்துக்கு மாற்ற எவருக்கும் அதிகாரமில்லை என்ற உறுதி. அந்தப் பெயரைக் கடவுள் மறக்கவில்லை என்று அவர் விசுவசிக்கிறபடியினாலேயே அதை மனுஷரும் மறக்கவிடாமல் நிற்கிறார். 2017ஆம் ஆண்டு மாசியில் கிளிநொச்சியில், காணாமற்போன பிள்ளைகளுக்காகத் தெருவோரம் குந்திய தாய்மாரைச் சும்மா இருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அவர்களுட் பலர் விடை தெரியாமலே கண்மூடிவிட்டனர். அத்தாய்மாருக்கு, கடவுளின் சித்தம் என்று ஏற்றுக்கொண்டு அமைதியாயிருங்கள் என்று ஆறுதல் சொல்லப்போனோருடைய நல்ல மனதை நான் ஐயுறவில்லை. அவ்வார்த்தை நம்பிக்கையின் வார்த்தையன்று என்று மாத்திரம் சொல்லுகிறேன். நம்பிக்கையுள்ளவன் இருக்கிறபடியே இருப்பதோடு சமாதானஞ் செய்துகொள்ள மாட்டான் என்பதை, இளவயதில் யுத்தக் கைதியாயிருந்து நம்பிக்கையின் இறையியல் என்ற நூலை 1964இல் வெளியிட்ட யுர்கன் மோல்ட்மனும் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

அழுகைக்கும் நம்பிக்கைக்கும் பகையில்லை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். யோசேவாஸ் முனிவரின் பின்வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தபசுகாலத்தில் இராகத்தோடு வாசித்து ஊரே அழுத வழக்கம் இன்றும் நம் கரையோரக் கோயில்களில் முற்றாக அழிந்துவிடவில்லை. உயிர்த்த ஞாயிற்றைப் பெரிய வெள்ளிக்கு முன்னே கொண்டுவர அவர்கள் முயன்றதில்லை. நாமோ இப்போது துக்கத்தைச் சுருக்கிச் சந்தோஷத்தை விரைவுபடுத்தும் ஆராதனைகளைப் பழகி வருகிறோம்.

நம் ஆயர்களிடமும் போதகர்களிடமும் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அந்தக் கொப்பியின் இரண்டு பக்கங்களையும் அப்படியே விட்டுவையுங்கள். எந்தப் பக்கத்தில் எழுதுவதென்பதைப் பெற்றவளே சொல்லட்டும். காணாமற்போனோருக்கென்று அரசு 2016இல் சட்டமியற்றி அமைத்த அலுவலகத்தின் வாசலில் அவர்கள் போய் நிற்கும் நாளில், அங்கி அணிந்த ஒருவரேனும் உடன் நிற்கட்டும். கார்த்திகைச் சேமக்காலைப் பூசையில், மரித்தோரின் பெயர்களை வாசித்து முடித்தபின், இன்னும் விடை கிடையாதவர்களின் பெயர்களையும், மரித்தோரென்று சேர்க்காமல், தனியாக வாசிக்கலாம். பூசை நீளும் என்றும், வெயிலேறிவிடும் என்றும் சொல்வார்கள். நீண்டாலும் வாசிக்கவேண்டும்.