விதையால் வராத விசுவாசம்



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்து கண்ணீர் விட்டார். "சுவாமி, நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிறு பூசையும் தவறவிட்டதில்லை. வீட்டிலே செபமாலை நின்றதில்லை. எங்களுக்குப் பிறந்த பிள்ளை கோயில் வாசலையும் மிதியாமல் திரிகிறானே, இது எப்படி?" என்று கேட்டார். அன்று நான் சொன்ன ஆறுதல் எனக்கே போதாததாகப் பட்டது. அவர் போன பின்னர்தான், முன்பு நான் இருந்த பங்கின் குருமனை வளவில் நின்ற ஓர் இலந்தை மரம் நினைவுக்கு வந்தது. அவருக்குச் சொல்லாமல் விட்டதை இந்த வாரம் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இலந்தையை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மன்னாரிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பற்றைகளுக்குள் தானாக முளைத்து நிற்கும் மரம் அது. ஆணிவேரை ஆழ இறக்கி, கடுங்கோடையையும் தாங்கி நிற்கும். ஆனால் பழமோ விரல் நுனியளவு. சதை கொஞ்சம், கொட்டை பெரிது, புளிப்பு அதிகம். இந்தியாவில் உம்ரான், கோலா, பனாரசி என்ற பெயர்களில் வளர்க்கப்படும் இனங்களோ அப்படியல்ல. அவற்றின் பழம் பெரியது, சதைப்பற்றுள்ளது, இனிப்பானது.

அப்படியான ஒரு பழத்தைத் தின்றுவிட்டு அதன் கொட்டையைக் கிணற்றடியிலே புதைத்தால் மரம் வரும். தாய்மரத்தின் பழம் வரும் என்று மட்டும் நம்ப முடியாது. தேனீயும் ஈயும் வேறு மரங்களின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதால், விதையிலிருந்து வரும் கன்று தாயைப் போலவே இருப்பதில்லை. ஆகையால் நல்ல இலந்தை வேண்டுவோர் விதையை நம்பியிராமல் ஒட்டுகிறார்கள்.

அந்தத் தாயின் கேள்விக்கு முதல் பதில் இதுதான். முகச்சாயலும் குரலும் பிள்ளைக்கு நம்மிடமிருந்து வரலாம். காணியும் வீடும் உறுதி எழுதிக் கொடுக்கலாம். விசுவாசம் அப்படி இரத்தத்தோடு இறங்குவதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் கிறிஸ்துவோடு தனியே இணைக்கப்பட வேண்டும். அதற்காகவே நாம் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிக்குத் தூக்கிச் செல்கிறோம்.

ஒட்டும் விதத்தைச் சற்றுப் பாருங்கள். இலந்தைக் கொட்டையை மெல்ல உடைத்துப் பருப்பை எடுத்து நட்டால் விரைவாக முளைக்கும். ஆணிவேர் அறுந்தால் கன்று தாங்காது. ஆகவே மரம் நிற்க வேண்டிய இடத்திலோ, நீளமான பொலித்தீன் பையிலோ நடுவார்கள். தண்டு பென்சில் தடிப்புக்கு வந்ததும், அதன் பட்டையில் குறுக்கே ஒரு கீறலும், அதன் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஒரு கீறலும் இடுவார்கள். நல்ல மரத்திலிருந்து ஓர் அரும்பைப் பட்டையோடு சீவி எடுத்து அந்தக் கீறலுக்குள் செருகி, அரும்பின் கண் மட்டும் தெரியும்படி பொலித்தீன் நாடாவால் சுற்றிக் கட்டுவார்கள். பட்டையின் உட்புறத்தில் மாறிழையம் என்ற மெல்லிய படை உண்டு. இரண்டினதும் மாறிழையம் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். இரண்டு மூன்று வாரங்களில் அரும்பு பச்சையாகவே இருந்தால் பிடித்துவிட்டது என்று அறியலாம். பின்பு கட்டைத் தளர்த்திவிட வேண்டும். தளர்த்தாவிட்டால், காத்த அதே கட்டு தண்டை இறுக்கிக் கெடுக்கும். வளர்ந்த பிள்ளையையும் ஐந்து வயதுக் கட்டிலேயே வைத்திருக்க நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி என் குறையைச் சொல்கிறேன். அந்தப் பங்கில் நான் ஓர் ஒட்டிலந்தைக் கன்றை வாங்கி நட்டேன். முதல் வருடம் நானே தண்ணீர் ஊற்றினேன். பிறகு திருவிழா, கூட்டம், கட்டட வேலை என்று நாட்கள் ஓடின. மரத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. அது நல்ல பச்சையாக உயர்ந்து வளர்ந்தது, வந்தவர்கள் புகழ்ந்தார்கள், எனக்கும் பெருமைதான். மூன்றாம் வருடம் காய்த்தபோது பார்த்தால், பற்றைக்குள் கிடைக்கும் அதே சின்னப் புளிப்புப் பழம்! கன்று விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

கோயில் கூட்ட வரும் ஓர் ஆச்சி ஒருநாள் அந்த மரத்தடியில் குனிந்து, முட்களை விலக்கிப் பார்த்தார். ஒட்டிய இடத்துக்கு மேலே காய்ந்துபோன ஒரு குச்சி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, காட்டு அடியிலிருந்து வெடித்த இரண்டு கிளைகளே மரமாகி நின்றன. "சுவாமி, இது நீங்கள் வைத்த இலந்தை இல்லை. அடியிலே கிடந்தது எழும்பினது" என்றார்.

விற்றவர் நல்ல கன்றைத்தான் தந்திருக்கிறார். அடியைப் பார்க்காதவன் நான். விரல் நீளத்தில் இருக்கும்போது நகத்தால் கிள்ளியிருக்கக்கூடிய துளிரை, கைத்தடிப்புக்கு வளரவிட்டவனும் நான்.

அன்பார்ந்த பெற்றோரே, பிள்ளை வழி மாறும்போது பாடசாலையைச் சொல்கிறோம், சேர்க்கையைச் சொல்கிறோம், போன நாட்டைச் சொல்கிறோம். அவற்றிலும் உண்மை இருக்கலாம். ஆனால் ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று, புது நன்மை கொடுத்தாயிற்று, உறுதிபூசுதல் முடிந்தது என்று நாமும் தூரத்தில் நின்று பச்சையை மட்டும் பார்க்கவில்லையா? பரீட்சையில் நல்ல பெறுபேறு, நல்ல உத்தியோகம் என்றதும், சிறு பொய்யையும் சிறு கர்வத்தையும், ஏழையைக் கண்டு ஏளனம் செய்யும் சிறு சொல்லையும் கிள்ளாமல் விடவில்லையா? நம் வீட்டுச் சச்சரவும் குடியும் அந்தத் துளிர்களுக்கு வார்த்த தண்ணீராய் இருக்கவில்லையா?

ஆச்சி சொன்னதன் மறுபாதியையும் கேளுங்கள். "இதைப் பிடுங்கிப் போடட்டுமா?" என்று கேட்டேன். "ஏன் சுவாமி? வேர் நல்ல வேர்" என்றார். அவர் சொன்னபடியே, காய்ப்பு முடிந்த கோடையில் மரத்தை இடுப்பளவில் வாளால் அரிந்தோம். புதிதாய் வந்த கிளைகளில் வாகான இரண்டை மட்டும் விட்டு, அவை பென்சில் தடிப்புக்கு வந்ததும் நல்ல அரும்பை ஒட்டினோம். ஆழ ஓடியிருந்த அந்த வேரே புதிய அரும்பை ஊட்டியது. புதுக் கன்று நட்டிருந்தால் காய்த்திருக்கக்கூடிய காலத்துக்கு முன்னமே அது காய்த்தது. இந்த முறை நான் மாதந்தோறும் அடியைப் பார்த்தேன்.

புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் ஒட்டுவதைப் பற்றியே பேசுகிறார். தோட்டக்காரன் காட்டு மரத்தில் நல்லதை ஒட்டுவான். இறைவனோ காட்டு ஒலிவக் கிளைகளாகிய நம்மை நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டினார். இது இயற்கைக்கு மாறானது என்று அப்போஸ்தலரே சொல்கிறார். ஆகவே வேரைத் தாங்குவது நாம் அல்ல, வேரே நம்மைத் தாங்குகிறது என்றும், பெருமை வேண்டாம் என்றும் எச்சரிக்கிறார். அதோடு நிறுத்தவில்லை. முறிந்து விழுந்த கிளைகளையும் மீண்டும் ஒட்ட இறைவன் வல்லவர் என்கிறார். நம் தோட்டத்தில் முறிந்து காய்ந்த கிளையை எவராலும் திரும்ப ஒட்ட முடியாது. இறைவனால் முடியும்.

அந்தத் தாய்க்கு இன்று நான் சொல்வது இதுவே. அம்மா, உங்கள் இரத்தத்தில் குறை தேடாதீர்கள். மகனை விட்டும் விடாதீர்கள். சிறுவனாய் உங்கள் பக்கத்தில் முழந்தாளிட்டுச் சொன்ன செபம் அவனுடைய வேரில் இன்னும் இருக்கிறது. ஒட்டும் நாளும் வெட்டும் நாளும் இறைவனுக்குத் தெரியும். அதுவரை உங்கள் வேலை வேருக்குத் தண்ணீர் ஊற்றுவது: ஏச்சு வேண்டாம், வாசலைத் திறந்து வையுங்கள், செபத்தை நிறுத்தாதீர்கள்.

சிறு பிள்ளைகள் உள்ளவர்களே, உங்களுக்குக் காலம் இருக்கிறது. இன்று இரவு செபமாலை முடிந்ததும் பிள்ளையின் பக்கத்தில் சற்று இருந்து, அன்று என்ன செய்தான், யாரோடு பேசினான் என்று அன்போடு கேளுங்கள். அடியைப் பார்ப்பது என்பது அவ்வளவுதான்.

ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.