ஓரியின் அம்பும் வேட்டை அறமும்

புறநானூற்றின் 152ஆம் பாடலில், வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்திப் புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிப் புற்றில் கிடந்த உடும்பில் தைக்கிறது. வன்பரணர் இதனை வில்லாற்றலாகப் போற்றுகிறார். அறநோக்கில் வேறொரு வினா எழுகிறது. குறிவைக்கப்பெற்றது யானை ஒன்றே எனக் கொள்ளின், ஏனைய நான்கும் அம்பின் மிகுவிசைக்கு இரையானவை ஆகின்றன.

மான் வேட்டைக்கு இசைவுள்ள நாடுகளில் விசையின் அளவு சட்டப்பொருளாகியுள்ளது. இங்கிலாந்தின் மான்கள் சட்டம் (1991), சிறு மானினங்கள் சில நீங்கலாக, 0.240 அங்குலத்திற்குக் குறைந்த குழல்விட்டமுடைய துப்பாக்கியை விலக்குகிறது. உடலுள் விரியும் குண்டையே ஏற்கிறது. விசை குறைந்தால் மான் புண்ணோடு ஓடி நெடிது துன்புற்று மாளும். மிகுந்தால் குண்டு ஊடுருவிப் பின்நிற்கும் உயிரையும் தாக்கும். ஆதலின் முன்னங்காலுக்குப் பின்புறமாக நெஞ்சையும் நுரையீரலையும் குறிவைத்தலும், குறி உறுதிப்படாவிடத்து எய்யாமையும் வேட்டுவன் கடமைகளாகின்றன.

இந்தியாவில் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி (1972) மான் வேட்டை குற்றமாகும். குறளின் கொல்லாமை அதிகாரமோ கொலையையே விலக்குகிறது. நோவைக் குறைத்தல் கொலையை அறமாக்காது என்பது உண்மையே. எனினும், கொல்லத் துணிந்தவன் அவ்வுயிரின் நோவுக்கும் பொறுப்பேற்றல் வேண்டும். ஓரியின் அம்பை இன்று கற்பிப்போர் அதன் ஆற்றலோடு இப்பொறுப்பையும் மாணவர்முன் வைத்தல் தகும்.