இல்லம் எவருடையது?

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்னும் முதுமொழி, வீடு கட்டுவதன் அருமையைக் கூறுகிறது. கட்டிய வீட்டை விற்பதன் வேதனையைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. பிதுரார்ஜிதமாக வந்த இல்லத்தை விற்று, வேறிடத்தில் புதியதொன்று கட்டிக்கொள்வது தர்மத்துக்கு உடன்பாடானதா? உத்தியோகத்தின் பொருட்டும் பிள்ளைகளின் கல்வியின் பொருட்டும் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள் பலவற்றுள் இக்கேள்வி எழுந்து, விடை காணாமலே அடங்கிவிடுகிறது.

ஒரு திவ்யதேசத்தின் ஸந்நிதித் தெருவில் உள்ள குடும்பமொன்றை உதாரணமாகக் கொள்ளலாம். திண்ணை, இடைகழி, முற்றம், கூடம் என்று நான்கு தலைமுறைகள் வாழ்ந்த ஓட்டு வீடு. உத்திரத்தில் கறையான். பின்கட்டுச் சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. பழுது பார்ப்பதற்கு ஆகும் செலவோ புதிய வீட்டின் செலவில் பாதிக்கு வந்து நிற்கிறது. விற்றுவிட்டு நகரத்தின் புறத்தே மனை வாங்கிச் சிறியதாக ஒரு வீடு கட்டலாம் என்கிறார் மூத்த மகன். இளையவருக்கும் அதுவே கருத்து. எண்பதை நெருங்கும் தாயார் மட்டும் இசையவில்லை. அவர் மணப்பெண்ணாக வலது காலை எடுத்துவைத்துப் புகுந்த வாசல் அது. பெருமாள் புறப்பாட்டின்போது ஆண்டுதோறும் கோலமிட்டுத் தேங்காயும் பழமும் ஸமர்ப்பித்த வாசலும் அதுவே.

இங்கே இரு தரப்பு வாதங்களிலும் நியாயம் உண்டு. ஆயின் இரண்டிலும் மறைந்துகிடக்கும் குற்றம் ஒன்றே. ‘என் வீடு, ஆகையால் விற்கமாட்டேன்’ என்பது ஒன்று. ‘என் வீடு, ஆகையால் விற்பேன்’ என்பது மற்றொன்று. முன்னது பற்று, பின்னது கணக்கு. இரண்டுக்கும் அடிப்படை ‘என்னுடையது’ என்னும் மமகாரமே.

ஸகல வஸ்துக்களும் ஸர்வேச்வரனுக்கே உரியவை. ஜீவன் அவற்றைப் பேணும் காவலாளி என்பது ஸம்ப்ரதாயத்தின் நிலை. இந்நிலையில் நிற்பவனுக்கு இடம் பெயர்வது தோஷமாகாது. ஓரிடத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பது மட்டும் பக்தியும் ஆகாது. கோகுலத்தில் குழந்தைகளுக்கு ஆபத்து மேன்மேலும் வரக் கண்ட ஆயர்கள், உபநந்தரின் யோசனையைக் கேட்டு, பசுக்களோடும் பண்டங்களோடும் வண்டியேறி ப்ருந்தாவனம் சேர்ந்தார்கள். கண்ணன் பிறகு மதுரையை விட்டுக் கடலிடையே துவாரகையை அமைத்ததும் தன் மக்களைக் காப்பதற்காகவே. அந்தத் துவாரகையும் இறுதியில் கடலுள் மூழ்கியது. கணிகண்ணனைப் பல்லவ மன்னன் காஞ்சியைவிட்டு அகற்றியபோது, திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட, திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாள் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. அன்றிரவு அவர்கள் தங்கிய இடம் இன்றும் ஓரிருக்கை என வழங்குகிறது. திருவரங்கத்து நம்பெருமாளோ 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது கோயிலைவிட்டு எழுந்தருளி, பல ஊர்களிலும் காடுமலைகளிலும் தங்கி, 1371ஆம் ஆண்டில்தான் திரும்பி எழுந்தருளினார். நாற்பத்தெட்டு ஆண்டுகள் பெருமாளே தம் திருமாளிகைக்கு வெளியே இருந்தாரெனில், மனிதன் வீடு மாறுவதைப் பாபமென்பது எங்ஙனம்?

ஆகவே கேள்வி, விற்கலாமா கூடாதா என்பதன்று. எவ்வாறு விற்பது, எவ்வாறு கட்டுவது என்பதே. காவலாளிக்கு மாற்றிவைக்கும் உரிமை உண்டு. கணக்குச் சொல்லும் கடமையும் உண்டு.

அக்கணக்கில் முதலாவது, உடன்பிறந்தாரின் பங்கு. பிதுரார்ஜிதச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை உண்டென்று 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கூறிவிட்டது. ஆயினும் மணமாகிச் சென்ற பெண்ணிடம் ‘ஒரு கையெழுத்துத்தானே’ என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுவது பல இல்லங்களில் வழக்கமாயிருக்கிறது. அவள் அன்பினால் மறுக்கமாட்டாள் என்பது தெரிந்தே நீட்டப்படுகிறது அந்தப் பத்திரம். அவள் மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு. அவளுடைய கூச்சத்தைக் கருவியாக்கிக்கொள்வது வேறு. பின்னதைச் சட்டம் கண்டுபிடிக்காமற் போகலாம். அந்தர்யாமி அறியாமற் போவதில்லை.

இரண்டாவது, வாங்குபவருக்குச் சொல்ல வேண்டிய உண்மை. மேற்கூறிய குடும்பத்தில் வீடு பார்க்க ஒருவர் வருவதாக ஏற்பாடாயிற்று. முதல் நாள் மூத்த மகன் ஆளை அழைத்துப் பின்கட்டுச் சுவரின் வெடிப்பைப் பூசி, சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். விற்பனையே வேண்டாமென்று பல மாதங்கள் வாதாடிய தாயார் அப்போதுதான் எழுந்து வந்தார். வெடிப்பை அப்படியே விட்டிருந்தால் விலை குறையும். ஒருவேளை விற்பனையே நின்றுபோகும். மறைத்தாலோ விற்பனை முடிந்துவிடும். எதனால் விற்பனை நிற்கும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. வாங்குகிறவருடைய குழந்தைகளும் அந்தச் சுவரடியில்தானே படுத்துறங்கும் என்று மட்டும் கேட்டார். சுண்ணாம்புக் கலயம் திரும்பிச் சென்றது. வந்தவரிடம் வெடிப்பு காட்டப்பட்டது; விலையும் குறைந்தது. புதிய வீட்டில் ஓர் அறை இல்லாமற் போயிற்று.

அந்த ஓர் அறையே இக்கேள்விக்கு விடை. பற்றை உதறுவதாகச் சொல்லிக்கொண்டு விலையில் பற்று வைப்பவன், வீட்டை விட்டவனல்லன். அதைப் பணமாக உருமாற்றிக் கையில் பிடித்திருப்பவன். உண்மைக்காக ஓர் அறையை இழக்கத் துணிந்த அக்குடும்பமோ, விற்பதற்கு முன்பே விட்டுவிட்டது.

மூன்றாவது, கட்டும் முறை. பஞ்சவடியில் பர்ணசாலை அமைக்க இடம் தேடுமாறு இராமபிரான் கூறியபோது, தான் பரதந்த்ரன் என்றும், இடத்தைப் பெருமாளே காட்டிக் கட்டுமாறு நியமிக்க வேண்டும் என்றும் இலக்குமணன் விண்ணப்பித்தான். மண்ணும் மூங்கிலும் இலையும் கொண்டு அவன் எழுப்பிய குடிலைக் கண்ட பெருமாள், பரிசிலாக அவனை ஆலிங்கனம் செய்தருளினார். அக்குடிலில் இலக்குமணன் தனக்கென்று கேட்டது எதுவுமில்லை. புதிய வீட்டின் வரைபடத்தில் பெரும்பாலும் எல்லா அறைகளும் அமைந்தபின், மாடிப்படியின் அடியில் மிஞ்சும் மூலையே கோயிலாழ்வாருக்கு ஒதுக்கப்படுகிறது. ஸாளக்கிராமப் பெருமாளுக்கு முதலிடம் வகுத்து, எஞ்சியதில் தாம் ஒதுங்குவதே அடிமையின் முறை. சக்திக்கு மீறிக் கடன்பட்டுக் கட்டி, திருவாராதனத்துக்கும் அதிதிக்கும் நேரமும் பொருளும் இல்லாமற் போவதும் அதே தவற்றின் வேறு வடிவமே.

திருக்கோவலூரில் மழையிரவில் முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்தது ஒரு சிற்றிடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே அதற்கு. முதலில் வந்தவர் படுத்திருந்தவாறே கிடந்திருந்தால் இரண்டாமவருக்கு இடமில்லை. இருவரும் இருந்தவாறே இருந்திருந்தால் மூன்றாமவருக்கு இடமில்லை. ஒவ்வொருவரும் தம் இடத்தை விட்டுக்கொடுத்தமையாலன்றோ நான்காமவனாகப் பெருமான் வந்து நெருக்கினான்! இல்லத்தின் பெருமை அதன் பரப்பில் இல்லை. பிறர்க்கு இடம் விடும் மனத்தில் இருக்கிறது.

கிரயம் முடிந்த ஆண்டு உத்ஸவத்திலும் பெருமாள் அத்தெருவில் எழுந்தருளினார். புதியவர் வாசலில் கோலமிட்டிருந்தார். தேங்காய் பழத்தட்டு அவர் கையில் இருந்தது. நகர்ப்புறத்திலிருந்து வந்து கூட்டத்தில் நின்ற தாயார், தீர்த்தமும் சடாரியும் பெற்றுக்கொண்டு, இனி எந்த முறை எவ்வாறு என்பதை வீட்டிலுள்ள மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பெருமாள் நின்றது அவர் வீட்டின் முன்பா, மற்றவர் வீட்டின் முன்பா? அவன் தன் தெருவில், தன் வீட்டின் முன்பே நின்றான்.

தமிழில் வீடு என்பது இல்லத்துக்கும் பெயர், விடுதலுக்கும் பெயர், மோக்ஷத்துக்கும் பெயர். முதலாவதைக் கொண்டு இரண்டாவதைக் கற்றவனுக்கு மூன்றாவது தூரத்தில் இல்லை.